கடலோசையை விட்டு வந்த அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை: ஒலிப்பதிவு உதவுமா?

சூயாக் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 76 வயது. அவர் பிறந்தது, மணமாகி வாழ்ந்தது, எங்களை வளர்த்தது எல்லாம் மொரீஷியஸின் தென்கரையில் உள்ள சூயாக் ஊரில்தான். அப்பா காலமான பிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். சென்ற மார்ச்சில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதால், இனியும் தனியாக விடுவது சரியில்லை என்று நானும் தம்பியும் கலந்து பேசி, ரோஸ்ஹில்லில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூன்றாம் மாடியில், பெரிய சாலையைப் பார்த்த வீடு. இடுப்பு ஆறிவிட்டது. தூக்கம்தான் இன்னும் திரும்பவில்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். என்னம்மா என்று கேட்டால், "இங்கே ஒன்றுமே கேட்கவில்லையே" என்பார். எனக்கு இது விளங்கவே இல்லை. கீழே மோட்டார் சைக்கிள்கள் போகின்றன, பேருந்துகள் போகின்றன, சற்றுத் தள்ளி மெட்ரோவின் மணி அடிக்கிறது. ஜன்னலை மூடினால் குளிர்சாதனப் பெட்டி முணுமுணுக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். "சத்தம் இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை" என்று மறுபடியும் அதையே சொன்னார்.

சூயாக்கை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தர வேண்டும். நம் தீவைச் சுற்றிப் பெரும்பாலான இடங்களில் பவளப்பாறை அலையைத் தொலைவிலேயே தடுத்துவிடுவதால், கரையோரத்துக் காயல் குளம்போல் கிடக்கும். எங்கள் ஊரின் கிரிகிரிக் கடற்கரைப் பக்கத்தில் அந்த அரண் அறுந்திருப்பதால், தென்கடல் நேரே வந்து கருங்கல் பாறையில் மோதுகிறது. எங்கள் வீடு அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. பிள்ளைகளாக இருந்தபோது அந்த ஓசை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. விருந்துக்கு வரும் உறவினர் யாராவது "எப்படித்தான் தூங்குகிறீர்களோ" என்று கேட்கும்போதுதான் காதில் விழும்.

ஆகவே நான் என் அறிவுக்கு எட்டியதைச் செய்தேன். முதலில் கைப்பேசிச் செயலி ஒன்றில் கடலோசையை ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இது எந்த ஊர்க் கடல்? மூச்சே விடாமல் ஓடுகிறதே" என்று நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிரிகிரிக்குப் போய், பாறைமேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதிவு செய்து வந்தேன். காதில் விழுந்ததுமே முகம் மாறியது. "இது நம் கடல்தான்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் யாரோ பெட்டிக்குள் போட்டு அடைத்திருக்கிறார்கள்" என்றார்.

மருத்துவர் தூக்க மாத்திரை கொடுத்தார். காலையில் தலை சுற்றியதால் நானே நிறுத்திவிட்டேன். தம்பியோ, பழகிவிடும் விடு என்கிறான். என் கேள்வி இதுதான்: இன்னும் நல்ல கருவியில் நல்ல பதிவை வைத்தால் பயன் உண்டா, அல்லது நான் தவறான திசையில் அலைகிறேனா? மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இங்கே வந்ததிலிருந்து தொலைக்காட்சியை மிக உரக்க வைக்கிறார்.

செவிச்செல்வம் எழுதியது:

சகோதரி, நீங்கள் கடைசி வரியில் எழுதியதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். காதுப் பரிசோதனைத் துறையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தக் கருவி வாங்குவதற்கும் முன் அம்மாவின் செவியைச் சோதித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல், அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. வயதால் வரும் குறைவு எல்லா ஒலியையும் ஒரே சீராகக் குறைப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் போகும். "ச", "த", "ப" போன்ற மெய்யொலிகள் தேய்ந்துபோக, உயிரொலிகள் தங்கிவிடும். அதனால்தான் முதியவர்கள் "நீ பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்பது புரியவில்லை" என்கிறார்கள். உங்கள் அம்மா சொன்ன "சத்தம் இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை" என்பதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான், அவர் வேறு பொருளில் சொல்லியிருக்கக்கூடும் என்றாலும்.

இரண்டாவது, காதிரைச்சல். வெளியே ஒலியே இல்லாதபோதும் காதுக்குள் ரீங்காரமோ விசிலோ ஓயாமல் கேட்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். கேட்கும் திறன் குறையும்போது இது பலருக்குத் துணையாக வந்து சேரும். ஆழ்ந்த, சீரான கடலோசைக்கு நடுவே வாழ்கிறவருக்கு அந்த ரீங்காரம் மூடப்பட்டுக் கிடக்கும். ஜன்னலை அடைத்த அறைக்கு வந்தவுடன் அது தலைதூக்கும். இதை முதியவர்கள் தாமாகச் சொல்வது மிக அரிது. "காதுக்குள் ஏதாவது இரைகிறதா?" என்று நீங்கள்தான் நேராகக் கேட்க வேண்டும்.

வாக்வாவில் காது மூக்கு தொண்டைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. நம் நாட்டில் அரசு மருத்துவம் இலவசம் என்பதால் செலவு உங்கள் நேரம் மட்டுமே. சில வேளைகளில் குறும்பி, அதாவது காது அழுக்கு, அடைத்திருப்பதுதான் முழுக் காரணமாக இருக்கும், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். உண்மையான குறைவு என்று தெரிந்தால் கருவி வைக்கத் தயங்காதீர்கள். மறதி நோயைப் பற்றி ஆராயும் லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றியமைக்கக்கூடிய 14 காரணங்களுள் செவிக் குறைவும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. கருவியை வாங்கி மேசை இழுப்பறைக்குள் பூட்டி வைக்கும் குடும்பங்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன். முதல் சில வாரங்கள் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும்.

தூக்க மாத்திரையை நிறுத்தியதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவருக்கு அந்த வகை மருந்து மறுபடியும் விழும் வாய்ப்பைக் கூட்டும் என்பது அவருக்கும் தெரியும். சொன்னால் வேறு வழி பார்ப்பார்.

பௌதிக வாத்தியார் எழுதியது:

உங்கள் அம்மாவைவிட நான் இரண்டு வயது இளையவன். மகேபூர்ப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம்.

"மூச்சே விடாமல் ஓடுகிறது" என்றார் அல்லவா? சூயாக்குக்கு வரும் பெரிய அலைகள் அருகே பிறந்தவை அல்ல. தென் பெருங்கடலின் புயல்களில் கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை. வரும் வழியிலேயே குட்டை அலைகள் கழிந்துவிட, நீண்டவை மட்டும் எஞ்சும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பன்னிரண்டு, பதினைந்து விநாடிகள்கூட ஆகும். ஓர் இடி, பாறையிலிருந்து நீர் வழியும் நெடிய சலசலப்பு, பிறகு ஓர் இடைவெளி. இதுதான் அவருடைய கடல். செயலியில் இருப்பதோ ஏதோ ஒரு மணற்கரையில் குட்டை அலை அடிக்கும் துண்டுப் பதிவு. அதையே ஒட்டி ஒட்டித் திரும்ப ஓட்டுகிறார்கள். அவர் அதை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

"பெட்டிக்குள் அடைத்திருக்கிறார்கள்" என்பதும் எழுத்துக்கு எழுத்து உண்மை. பாறையில் மோதும் அலையின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. கட்டைவிரல் அகலமே உள்ள கைப்பேசி ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தள்ள முடியாது. இடி போய்விடுகிறது, சலசலப்பு மட்டும் மிஞ்சுகிறது. உயர்ந்த ஒலிகள் அவருக்கு முன்பே தேய்ந்திருந்தால், மேலே எழுதியவர் சொல்வதுபோல், அந்தச் சலசலப்பிலும் பாதிதான் அவரைச் சேரும்.

இன்னொன்று, திசை. சூயாக்கில் தென்கிழக்குக் காற்று கடலிலிருந்து வீட்டை நோக்கி வீசுகிறது. காற்றின் போக்கில் வரும் ஒலி தரையை நோக்கி வளையும். தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போதும் அப்படியே நடக்கும். அதனால்தான் பகலில் கேட்காத தூரத்து ஒலி இரவில் அருகே வந்ததுபோல் கேட்கிறது. ஆக, அவர் கேட்டது வெறும் கடலை மட்டும் அன்று. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வானம் மூடியிருக்கிறதா, தெற்கே எங்கோ புயல் எழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஓசையில் இருந்தன. 2007 மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே எழுந்த புயலின் அலைகள் பக்கத்துத் தீவான ரெயூனியனையும் நம் தென்கரையையும் தாக்கின. அன்று இங்கே காற்றே இல்லை. முந்தைய நாள் இரவே கடலின் குரல் மாறிவிட்டது என்று சொன்ன மூதாட்டி ஒருவரை நான் அறிவேன்.

சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் வந்தபோது எனக்குப் பத்து வயது. மணிக்கு 256 கிலோமீட்டர் வரை காற்று வீசியதாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கு இன்றும் நினைவில் இருப்பது அந்தக் காற்றின் இரைச்சலைவிட, நடுவே புயலின் கண் எங்கள் தலைக்கு மேல் நின்றபோது விழுந்த அமைதிதான். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. என் பாட்டி, "வெளியே போகாதே, கேட்காதிருப்பதுதான் ஆபத்து" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் புயலுக்குப் பின்புதான் தீவு முழுவதும் மரமும் தகரமும் போய்க் கான்கிரீட் கூரை வந்தது. உயிர்கள் பிழைத்தன, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மழை வந்திருக்கிறதா என்று அறிய அன்றிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதாயிற்று. புயலில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு ஒலியே இல்லாத இரவு ஓய்வைத் தராது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

செய்முறை கேட்டால்: சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியைத் தரவல்ல பெட்டி ஒன்றை அம்மாவின் அறைக்குள் வைக்காமல் அடுத்த அறையில், சுவரைப் பார்த்தபடி வையுங்கள். கதவைச் சிறிது திறந்து விடுங்கள். உங்களுடைய ஒரு மணி நேரப் பதிவை வெட்டி ஒட்டாமல் முழுதாக ஓடவிடுங்கள். வெளியிலிருந்து வருவதுபோல் தோன்ற இது உதவும். இதற்கு மேல் வாக்குறுதி தர மாட்டேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியாக வேலை செய்கிறேன், மாதத்தில் பாதி நாள் இரவுப்பணி. எல்லோரும் கடலைப் பற்றியே பேசுவதால் சாலையைப் பற்றிப் பேச ஆள் இல்லை போலிருக்கிறது. அக்கா, முதலில் அம்மாவின் கட்டிலைச் சாலைப் பக்க அறையிலிருந்து பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய நாடுகளுக்கு வகுத்த வழிகாட்டலில், இரவு நேரச் சாலை இரைச்சல் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பேருந்து போகும் தெருவில் அந்த அளவைக் காப்பது எளிதன்று. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளாவிட்டாலும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்குகின்றன. பழகிவிடும் என்கிறாரே உங்கள் தம்பி, பழகுவது மனம்தான், உடல் அந்த அளவுக்குப் பழகுவதில்லை.

"கிராமத்து ஒலி" என்றாலே இனிமை என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. நான் குடியிருக்கும் இடத்தில் கோவில் ஒன்று இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால், கூம்பு ஒலிபெருக்கி நேராக என் ஜன்னலைப் பார்த்துப் பாடும். திருவிழா நாட்களில் மட்டும் என்றால் ஒரு சொல்லும் பேச மாட்டேன், நானும் காவடி எடுத்தவள்தான். இது ஆண்டு முழுவதும். ஒரு முறை போய்ப் பணிவாகக் கேட்டேன். "சாமி பாட்டு உனக்கு இரைச்சலா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. 1997 முதலே இரைச்சலுக்கான விதிகள் இருக்கின்றன, காவல்துறையில் சுற்றுச்சூழலுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது. ஆனால் கோவில்மேல் புகார் எழுதிய பெண் என்ற பெயரோடு அதே தெருவில் எப்படிக் குடியிருப்பது? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

கொடிமரம் எழுதியது:

செவிலியம்மா எழுதியதைப் படித்து எனக்கு வெட்கமாக இருந்தது. அது எங்கள் கோவில் இல்லை என்று நம்புகிறேன், எனினும் மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோவிலாகவும் இருந்திருக்கலாம். நான் கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய கோவிலின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், வேண்டுமானால் உங்கள் தெருக் கோவிலுக்கு யாரோ எழுதியது என்று காட்டுங்கள்.

கோபுரத்தின்மேல் இரண்டு கூம்புகள் இருந்தன. அந்த வகைக் கூம்பு, மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் நடு உயர் அதிர்வெண்களையே வலுப்படுத்தித் தூரத்துக்கு வீசுவதற்காகச் செய்யப்பட்டது. கூட்டத்தில் அறிவிப்புச் சொல்ல அது ஏற்றது. நாகசுரத்தை அதில் விட்டால் அடிக்குரல் முழுதும் போய், தகரத்தைக் கீறுவதுபோல் ஆகிவிடும். வாசித்தவருக்கே அது அவமதிப்பு என்று நான் கூட்டத்தில் சொன்னபோது மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கூம்பை எடுத்தால் கோவில் மௌனமாகிவிடும், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்றார்கள். அவர்களுடைய அச்சம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தமிழ் அவர்கள் காதில் விழும் இடங்களில் கோவில் முதன்மையானது. ஆனால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் சிதைந்து கேட்கும் தேவாரத்தால் எந்தப் பிள்ளையும் தமிழ் கற்றதாக நான் அறியேன்.

கடைசியில் கூம்புகளைக் கழற்றிவிட்டு, மண்டபத் தூண்களில் தலையளவுக்குச் சற்று மேலே நான்கு சிறிய ஒலிபெருக்கிகளை உள்நோக்கிப் பொருத்தினோம். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது கணக்கு. கேட்பவருக்கு அருகே வைத்தால் குறைவாகவே ஒலித்தால் போதும். பத்து டெசிபெல் குறைத்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். காலையில் மணியும் சங்கும் மட்டும், ஒலிபெருக்கி இல்லாமல், கையால் அடித்து, வாயால் ஊதி. வேடிக்கை என்னவென்றால், "இப்போதுதான் மணி காதில் விழுகிறது" என்று தெருக்கோடியில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்து அம்மாள் ஒருவர் சொன்னார். முன்பு பாட்டு அதை விழுங்கியிருந்தது.

தைப்பூசத்தன்று நாங்களும் உரக்கத்தான் போகிறோம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்று தொழில் சுகாதாரத் துறையினர் கூறுகிறார்கள். லாரியில் கட்டிய ஒலிபெருக்கிக்கு நேர் பின்னால் சிறு காவடி தூக்கிய குழந்தைகளை நடக்கவிடுவதை நிறுத்திவிட்டோம். இப்போது தவிலுக்கும் நாகசுரத்துக்கும் பின்னால்தான் பிள்ளைகள், அதுவும் பத்தடி தள்ளி. லாரி கடைசியில் வரும்.

கேட்ட சகோதரிக்கு: ரோஸ்ஹில் பக்கத்தில் கோவில்களுக்குப் பஞ்சமில்லை. அம்மாவை வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு அழைத்துப் போங்கள். அங்கே நாலு பேர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி ஆனால், பாதிப் பிரச்சினை தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது. தூங்கும்போதுகூடத் தன் பெயரை மூளை மற்ற ஒலிகளிலிருந்து பிரித்து அறியும் என்பார்கள். விழித்திருக்கும்போது அதைக் கேட்காமலே பல வாரங்கள் போனால் எப்படி இருக்கும்?

சாந்த்-ஆந்த்ரே எழுதியது:

ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். நான் தமிழ் படித்தது பெரியவளான பிறகு, ஆகவே பிழை இருந்தால் பொறுத்தருள்க. எங்கள் வீட்டில் யாரும் தமிழ் பேசவில்லை, ஆனால் தப்புப் பறை அடிக்கத் தெரியும். தீமிதிக்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, தோல் இறுகும் வரை தப்பைக் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார் என் தாத்தா. உங்கள் ஊரில் ஸெகா ஆட்டப்பாட்டுக்கு ரவான் மேளத்தைக் காய்ச்சுவதும் இப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஈரக் காற்றுள்ள தீவில் ஆட்டுத்தோல் வேறு என்ன செய்யும்?

எங்கள் மலோயா இசையைப் பொது மேடையில் பாடுவது 1981 வரை எளிதாக இருக்கவில்லை. 2009-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அதே ரூலேர் மேளம், அதே கயாம்ப் கிலுகிலுப்பை, அதே பாட்டு. எது இரைச்சல், எது இசை என்பதை யாரோ எங்கோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்தத் தீர்மானம் அம்மாவுடையதாக இருக்கட்டும்.

தாத்தா கடைசிக் காலத்தில் மகன் வீட்டில் இருந்தபோது அவருக்கும் இதே சிக்கல் வந்தது. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், "விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உங்கள் பழைய வீட்டில் என்னென்ன கேட்கும், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். மூன்று நாள் சொன்னார். பதிவு செய்யவே முடியாதவைதான் அதில் மிகுதி. நீங்களும் கேட்டுப் பாருங்கள், அக்கா. கடல் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எனக்கும் அறிய ஆசை.

சூயாக் மகள் மறுபடியும் எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் காது. இரண்டு பக்கமும் குறும்பி இருந்தது, எடுத்தார்கள். அதற்குப் பிறகும் உயர்ந்த ஒலிகளில் நடுத்தரக் குறைவு இருக்கிறது, கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். காதிரைச்சல் உண்டா என்று கேட்டதற்கு, "அது எப்போதும் இருக்கிறதே, நீங்கள் யாரும் கேட்கவில்லையே" என்றார். செவிச்செல்வம் ஐயா எழுதியதை அப்படியே நடித்துக் காட்டியதுபோல் இருந்தது. கட்டிலைப் பின்பக்கம் மாற்றினோம். அங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு வீட்டுக் கொல்லை, லிச்சி மரம், சாயங்காலம் அதில் கூடிச் சண்டை போடும் மைனாக்கள். பெட்டி வாங்கி அடுத்த அறையில் வைத்ததும் கொஞ்சம் உதவுகிறது. வாத்தியார் ஐயாவுக்கு அம்மா வணக்கம் சொல்லச் சொன்னார், கரோல் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். கோவிலுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போனோம். மூன்றாவது வாரம் மழை.

பிறகு பட்டியல். சாந்த்-ஆந்த்ரே தங்கையே, கடல் ஏழாவது இடம். முதல் இடம், பக்கத்துக் கடைக்காரம்மாள் காலை ஐந்தேகாலுக்கு இரும்புக் கதவைத் தூக்கும் சத்தமும், தூக்கியவுடன் வரும் இருமலும். அடுத்து ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஊதல், நாய் அதற்குக் குரைப்பது, குருக்களுக்கு முதுகுவலி என்றால் தாமதமாக அடிக்கும் கோவில் மணி, பள்ளிப் பேருந்துக்கு ஓடும் பிள்ளைகள், வெள்ளிக்கிழமைகளில் தொலைவிலிருந்து வரும் பாங்கு. கடலைச் சொல்லும்போது, "அது தப்பாக இருந்தால்தானே காதில் விழும்" என்றார்.

அதைக் கேட்டபின் கடைக்காரம்மாளுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தினமும் மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து, கைப்பேசியைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார். இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அரை மணி நேரம் யாரோ உப்புமீன் கேட்கிறார்கள், யாரோ கடன் சொல்கிறார்கள், சில்லறை விழுகிறது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறார். சில இரவுகளில் விடியும்வரை தூங்குகிறார், சில இரவுகளில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் என்னை எழுப்பி, "மேல்வீட்டுப் பையன் மூன்று நாளாக வரவில்லை, செருப்புச் சத்தம் கேட்கவில்லை, போய் விசாரி" என்றார். அந்தப் பையனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மேலே போய்ப் பக்கத்து வீட்டாரிடம் விசாரித்ததில், வேலையாக ரொட்ரீக்ஸ் தீவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வந்ததும், இரவில் செருப்பைத் தரையில் தேய்த்து நடக்க வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். சொல்லாதே என்றார்.